திணறுது

தம்பி எடுத்துவைத்திருந்த படங்களை நான் முதன்முதலில் ஓட்டிப் பார்த்தது விக்கிரமசிங்கபுரத்தில், அம்மாவின் வீட்டில். பாளையங்கோட்டையில் என்னோடுதான் அவன் இருந்தான். படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கும் அவன் அறை அலமாரியில்தான் கிடந்தது. ஆனாலும் அதை நான் தனியாகத் திறக்கக் கூடாது, அம்மாவும் கூட இருக்க வேண்டும் என்று தோன்றியது. என்னுடைய பழைய லேப்டாப்பையும் டிஸ்க்கையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவன் ஆற்றோடு போன பிறகு வந்த முதல் தீபாவளி கழிந்திருந்தது.

மழை ஓய்ந்த ஒரு நாளில் ஆற்றைப் படமெடுக்கப் போனவன், கேமராப் பையைக் கரையில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுக் குளிக்க இறங்கியிருக்கிறான். பையில் ஒரு துளி ஈரமில்லை. அவன் கிடைத்தது மறுநாள், வெகுதூரம் தள்ளி.

மலையிலிருந்து பாபநாசத்தில் இறங்குவது முதல் புன்னக்காயலில் கடலோடு சேர்வது வரை ஆற்றை முழுதாகப் படமாக்க வேண்டும் என்பது அவன் ஆசை. விடுமுறை நாட்களில் போய்ப் போய்த் துண்டு துண்டாக எடுத்து வந்தான். வெட்டித் தொகுக்கிற வேலையை மட்டும் தள்ளிப்போட்டான். சாப்பிடும்போதெல்லாம் ஒரே பேச்சு: "லேப்டாப்பா டெஸ்க்டாப்பான்னு தெரியலக்கா. லேப்டாப்னா ஆத்தங்கரையிலயே ஒக்காந்து வெட்டலாம். டெஸ்க்டாப்னா நல்லா ஓடும்." நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டையும் ஒரே நிலையில் வைத்துச் சோதித்துப் பார்க்காமல் முடிவெடுக்காதே என்பேன். அவன் சோதிக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை.

படமெடுப்பவன் படத்தில் இருக்க மாட்டான் அல்லவா? டிஸ்க்கில் நூற்றுக்கணக்கில் துண்டுகள் இருந்தும் அவன் தெரிவது ஒன்றே ஒன்றில்தான். திரையில் வரிசையாக வந்த சிறு படங்களில் அதை அம்மாதான் கண்டுபிடித்துக் கை காட்டினாள். கேமராவைக் கரையில் தாழ்வாக நிறுத்திவிட்டு அக்கரைக்கு நீந்திப் போய்த் திரும்புகிறான். அவன் போவதற்கு முந்தைய கோடையில் எடுத்தது.

என் லேப்டாப்புக்கு அந்தப் படம் கனம். இரண்டு கை வீசுவான், படம் நிற்கும், பிறகு தாவிப்போய் வேறோர் இடத்தில் இருப்பான். அக்கரையைத் தொட்டுவிட்டு நடு ஆறு வரை திரும்பியும் வந்துவிட்டான். அங்கே, ஒரு கை மேலே தூக்கியபடி, வாய் திறந்தபடி, படம் அசைவற்று நின்றுவிட்டது. தண்ணீர்ச் சத்தமும் கரகரத்து அடங்கியது. லேப்டாப்பின் மின்விசிறி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"என்னட்டி ஆச்சி?" என்றாள் அம்மா.

"திணறுதும்மா" என்றேன்.

ஆய்வகத்தில் எந்தக் கருவி தயங்கினாலும் நாங்கள் சொல்கிற வார்த்தை அது. நான் சொன்னது லேப்டாப்பை. ஆனால் அம்மா தன் மகனை ஒருநாளும் 'அவன்' என்று சொன்னதில்லை. மீசை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவன் அவளுக்குப் பிள்ளைதான், பிள்ளை என்றால் 'அது'தான். பிள்ள சாப்பிட்டுதா, பிள்ள தூங்குது, பிள்ள ஆத்துக்குப் போயிருக்கு. நான் சொன்ன வார்த்தை அம்மாவின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பது, அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு எட்டியது.

அவள் அழவில்லை. லேப்டாப்பின் மூடியைப் பைய இறக்கி மூடினாள். தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி இருந்தது. நாள் தவறாமல் டைரி எழுதுகிறவள் நான். அந்த நாளின் பக்கத்தில் பஸ் நேரமும் வெயிலும்தான் இருக்கின்றன.

அதற்குப் பிறகு காலையில் அம்மாவின் போன் வரும். முதல் கேள்வி ஒன்றுதான். "பிள்ள இன்னும் அங்கனயேதான் நிக்குதா?"

நான் விளக்கினேன். அது பழைய நாளில் எடுத்தது, அன்றைக்கு அவன் கரையேறி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்தான், நின்றது மிஷின்தான் என்றேன்.

"எனக்குத் தெரியாதாட்டி? தூக்கிட்டுப் போனது தெரியாதா? கொள்ளி வச்சது தெரியாதா? நான் அதயா கேக்கேன்? அந்தப் பொட்டிக்குள்ள நிக்குதே, அந்தப் பிள்ளையக் கேக்கேன். மூச்சு முட்டி நிக்குது. கண்ண மூடினா அதான் வருது. அத எப்படியாவது கரையேத்தி விடு."

"அப்ப நீ இங்க வாம்மா. சேர்ந்து பாப்போம்."

அப்படிச் சொன்னதும் போனை வைத்துவிடுவாள். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வருகிற பஸ், அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் ஆற்றைக் கடக்கும். அவன் போன பிறகு அம்மா அந்தப் பாலத்தின் மேல் போனதில்லை.

பழைய லேப்டாப்பில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். முன்பு நின்ற இடத்திலேயே நின்றது, அதே கை, அதே வாய். போனில் போட்டால் இந்த வகைக் கோப்பைத் திறக்க முடியாது என்று வந்தது. அதற்குப் பிறகு என்னாலும் கண்ணை மூட முடியவில்லை. பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தால் அந்தக் கை. பேருந்தில் யாராவது மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அந்தக் கை. புது மிஷின் வாங்குவது, அவன் நினைத்த மாதிரியே ஆற்றுப் படத்தைத் தொகுப்பது, அதில் அவனைக் கரையேற்றி அம்மாவுக்குக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்கார அண்ணாச்சியோடு பேசிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார், கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவர்.

"என்ன வேலைக்குக்கா?" என்றார் அண்ணாச்சி.

"வீடியோ எடிட்டிங். நிக்காம ஓடணும்."

"கல்யாணமா, காதுகுத்தா?"

"ஆறு."

"ஆறு கல்யாணமா?" என்றார் வீடியோக்காரர்.

"ஆறு. தாமிரபரணி."

"அப்ப லேப்டாப்ப எடுங்கக்கா. எங்கன வேணும்னாலும் தூக்கிட்டுப் போலாம். நானெல்லாம் பந்தி முடியுததுக்குள்ள தாலி கட்டினத வெட்டி ஒட்டி மண்டபத்துலயே ஓட்டிருவேன்."

"ஓட்டினீரே!" என்றார் அண்ணாச்சி. "போன முகூர்த்தத்துல மாப்பிள்ள கையி தாலியோட பொண்ணு கழுத்துக்கிட்டயே நின்னு போச்சாம்லா. பொண்ணுக்குத் தாய்மாமன் எந்திரிச்சி, 'எவம்லே அது, முடிச்சப் போடச் சொல்லுலே'ன்னு சத்தம் போட்டாராம்லா."

"அது சார்ஜர் கழண்டுட்டு வே."

"அதத்தான நானும் சொல்லுதேன். வயரப் புடுங்கினா லேப்டாப்பு பாதி பலத்துலதான் ஓடும்."

நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகு, கழுத்தருகே நின்ற அந்தக் கையும் ஆற்றில் நின்ற தம்பியின் கையோடு சேர்ந்துகொண்டது.

சோதிப்பதற்கு ஒரு பென் டிரைவில் படம் கொண்டுபோயிருந்தேன். அவன் நீந்துகிற படம் அல்ல, புன்னக்காயலில் படகுகள் கடலுக்குப் போகிற படம். விலை ஒத்த ஒரு லேப்டாப், ஒரு டெஸ்க்டாப், இரண்டிலும் ஒரே கோப்பு, ஒரே வெட்டு, ஒரே நிறத் திருத்தம் செய்து ஓட்டச் சொன்னேன். முதலில் இரண்டிலும் படகுகள் வழுக்கிக்கொண்டு போயின. கொஞ்ச நேரம் கழித்து லேப்டாப்பின் விசிறி இரைந்தது. படகுகள் ஒவ்வோர் அலைக்கும் ஒருமுறை தயங்கின.

"கீழ கைய வச்சுப் பாருங்க" என்றார் அண்ணாச்சி. சுட்டது. "சின்ன ஒடம்பு. சூடு போக வழியில்ல. சூடு ஏறினா தன் வேகத்தத் தானே கொறச்சிக்கிடும். கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான், பேரு ரெண்டுலயும் ஒண்ணு, பலம் ஒண்ணு கெடையாது. டெஸ்க்டாப்புன்னா நாளைக்கு ரேம் பத்தலன்னாலும் மூடியத் தொறந்து இன்னொண்ணு சொருகலாம். இங்க பாருங்க, மறுபடியும் திணறுது."

"அந்த வார்த்தை வேண்டாம் அண்ணாச்சி."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "வேற என்னன்னு சொல்ல?" என்றார் வீடியோக்காரர். "மூச்சு வாங்குதுன்னு சொல்லலாமா?"

"அதுவும் வேண்டாம்."

அண்ணாச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ ஒரு படம் ஓடினால் போதும் என்றால் கோப்பை என்னிடம் கொடுங்கள், தரம் குறைத்து லேசான பிரதியாக மாற்றித் தருகிறேன், பழைய லேப்டாப்பிலேயே ஓடும் என்றார். நியாயமான யோசனைதான். ஆனால் வேறொருவர் கடையில், வேறொருவர் மேசையில், ஒரு ராத்திரி முழுக்க அவன் அந்த நடு ஆற்றில் கிடப்பதை என்னால் நினைக்க முடியவில்லை.

லேப்டாப் என்றால் அம்மாவிடம் எடுத்துப் போகலாம். டெஸ்க்டாப் என்றால் நிற்காது. வீட்டுக்கு வந்து யோசித்தேன். அம்மாவின் கண் முன்னால் இன்னொரு தடவை நின்றுவிட்டால் அதற்குப் பிறகு எதுவும் செய்வதற்கில்லை. தொகுத்து முடித்த படத்தை லேசான பிரதியாக எடுத்தால் அம்மா வீட்டு டிவியிலேயே ஓடும். அப்படியானால் வெட்டுகிற மிஷின் பயணம் போக வேண்டியதில்லை. டெஸ்க்டாப்பையே வாங்கினேன். கரண்டு போனால் அணையாதிருக்க ஒரு யு.பி.எஸ்.ஸும் சேர்த்து வாங்கினேன். தம்பி அறையில், அவன் மேசையில் எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் படத்தை ஓட்டினேன். ஒரு தடங்கலும் இல்லை. தண்ணீர் தண்ணீராகவே போயிற்று. அவன் அக்கரையைத் தொட்டான், திரும்பினான், நடு ஆற்றுக்கு வந்தான். ஒரு கை மேலே போனது, வாய் திறந்தது. நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். படம் நிற்கவில்லை. ஆனால் அவன் நின்றான். தண்ணீர் வாய்க்குள் போய்விட்டது. முகம் உள்ளே போனது, கை மட்டும் தெரிந்தது, முகம் வெளியே வந்தது, இருமினான், மறுபடி உள்ளே போனான்.

பழைய லேப்டாப் நின்ற இடமும் அவன் திணறிய இடமும் ஒன்றாக இருந்தன. அம்மா தவறாகப் புரிந்துகொண்டாள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

சில நொடிகள்தான். பிறகு மேலே வந்தான், தலையை உதறினான், நாலு கை வீசி, கால் ஊன்றும் இடம் கண்டு எழுந்து, சிரித்துக்கொண்டே நடந்தான். கேமராவை நோக்கி வந்துகொண்டே, "சே, வாயிக்குள்ள ஆறே போயிட்டு" என்றான். வீட்டில் அந்தக் குரல் கேட்டது பல மாதங்களுக்குப் பிறகு. தெருவில் போன யாரோ திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதை அம்மாவுக்கு அப்படியே காட்டுவதா? அந்தச் சில நொடிகளை வெட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். கை மேலே போவதற்கு முன்னால் ஒரு வெட்டு, தலையை உதறிய பிறகு ஒரு வெட்டு, நடுவில் இருப்பதை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒன்றுக்குள் ஒன்று கரையும்படி சேர்த்தேன். ஆற்றில் எந்த இரண்டு நொடியும் ஒன்றுபோல இருப்பதில்லை, அதனால் ஒட்டுப்போட்ட இடம் தெரிவதும் இல்லை. 'வாயிக்குள்ள ஆறே' என்று அவன் சொன்னதையும் எடுத்துவிட்டேன். இப்போது அவன் ஒரே மூச்சில் அக்கரை போய் ஒரே மூச்சில் திரும்பி வந்தான். திரும்பத் திரும்பப் பார்த்தேன், எங்கும் ஒரு சிறு தயக்கம் இல்லை.

ஆற்றுப் படம் பிறகு ஆகட்டும் என்று, அந்தத் துண்டை மட்டும் லேசான பிரதியாகப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு அடுத்த விடுமுறையில் விக்கிரமசிங்கபுரம் போனேன். டிவியில் சொருகினேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். படம் ஓடியது. அவன் கரைக்கு வந்தான். முடிந்தது.

"கரையேறிட்டாம்மா" என்றேன்.

அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாருட்டி?"

"என்னம்மா கேக்க? தம்பிதான்."

"நம்ம பிள்ள தண்ணி குடிக்காம என்னைக்கிட்டி கரையேறியிருக்கு? சின்னதுல இருந்தே வாயப் பொளந்துக்கிட்டுத்தான் நீஞ்சும். ஒரு தடவ பொறையேறி, கண்ணு செவந்து, மூக்கால தண்ணி வந்து, அதுக்கப்புறம்தான் சிரிக்கும். இவன் மீனு மாதிரி வாரான். மூச்சே வாங்கல."

நான் டிவியிலிருந்து பென் டிரைவைக் கழற்றினேன்.

"அன்னைக்கி அங்கன நின்னுதே, அது எங்க? அத அங்கனயே விட்டுட்டு வேற எவனயோ கரையேத்திக் கொண்டாந்திருக்கே."

வெட்டியதைச் சொன்னேன். எங்கே, எவ்வளவு, ஏன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கோபப்படவில்லை.

"முழுசாப் போடு."

"முழுசா இருக்கதெல்லாம் பாளையங்கோட்டையில அந்தப் பெட்டியிலதாம்மா இருக்கு."

"அத எடுத்துட்டு வா."

"அது லேப்டாப் இல்லம்மா. தூக்கிட்டு வர முடியாது. அடுத்த வாரம் பென் டிரைவ்ல முழுசா ஏத்தி..."

"நீ வெட்டாமக் கொண்டாருவேன்னு நான் எப்படிட்டி நம்ப?"

அம்மா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது சேலை மாற்றியிருந்தாள், கையில் வீட்டுச் சாவி இருந்தது. "பொறப்படு. பஸ்ஸு போயிரும்."

அம்பாசமுத்திரம் தாண்டியதும் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொள்வாள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் சாய்ந்து கீழே பார்த்தாள். தண்ணீர் குறைந்து மணல் தெரிந்தது. படித்துறைப் பக்கம் சிலர் குளித்துக்கொண்டிருந்தார்கள். பாலம் முடிகிற வரை ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கல்லிடைக்குறிச்சியில் பஸ் நின்றபோதுதான் என் கையை விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெட்டாத படத்தைத் திறந்தேன். ஓட்டும்போது அவள் பக்கத்தில் நின்றேன், திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். அவன் எங்கே இருக்கிறான் என்பது அவள் தொண்டையில் தெரிந்தது. நடு ஆற்றுக்கு வந்தபோது அவள் மூச்சை இழுத்தாள், விடவில்லை. விசிறி சத்தமில்லாமல் ஓடியது, படம் ஓடியது, அவன் முகம் உள்ளே போனது, இருமல் கேட்டது. அவள் மூச்சு இன்னும் வெளியே வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"சே, வாயிக்குள்ள ஆறே போயிட்டு" என்றான் தம்பி.

அம்மா மூச்சை விட்டாள். பொறையேறி இருமினாள், கண்ணில் தண்ணீர் வர இருமினாள். "போவும், போவும்" என்றாள் திரையைப் பார்த்து. "வாய மூடிட்டு நீஞ்சுன்னா கேக்கணும்லா."

படம் முடிந்து திரை அசையாமல் நின்றது. நான் கணினியை அணைக்கப் போனேன்.

"இரு" என்றாள். "இத அணைச்சா அது எங்க இருக்கும்?"

"இதுக்குள்ளதாம்மா இருக்கும்."

"தண்ணிக்குள்ளயா, கரையிலயா?"

எந்த இடத்தில் நிறுத்திவிட்டு அணைக்கிறோமோ, மறுபடி திறக்கும்போது அந்த இடத்தில்தான் படம் நிற்கும் என்று சொன்னேன். பின்னால் நகர்த்தி, அவன் சிரிக்கிற இடத்தில் நிறுத்தினேன். முகம் முழுதாகத் தெரிந்தது. இடுப்பளவு தண்ணீர்.

"இங்கன இருக்கட்டுமாம்மா?"

"இன்னும் கொஞ்சம் வரட்டும்."

அம்புக்குறியை அழுத்த அழுத்தப் படம் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்ந்தது. தண்ணீர் தொடைக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. கேமரா தாழ்வாக இருந்ததால், அவன் நெருங்க நெருங்கத் தலை மேல்விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தது. நெற்றி போயிற்று. கண்கள் போயின. நான் நிறுத்தினேன்.

"இதுக்கு மேல வந்தா மொகம் தெரியாதும்மா."

"மொகந்தான் எனக்குத் தெரியுமே" என்றாள் அம்மா. "கால் நனையாத எடத்துக்குக் கொண்டா."

கொண்டுவந்தேன். மணலில் ஊன்றிய இரண்டு கால்கள், ஈர வேட்டியின் ஓரம், பின்னால் ஆறு. அங்கே நிறுத்திச் சேமித்துவிட்டு அணைத்தேன்.

அவன் நினைத்த ஆற்றுப் படத்தை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. மிஷினில் ஒரு குறையும் இல்லை. வேறு எந்தத் துண்டைத் திறந்து வெட்ட வேண்டுமானாலும், அந்தக் கால்களை இருக்கிற இடத்தைவிட்டு நகர்த்த வேண்டும்.